தரம் பிரிக்கும் மேசை

ஒரே இரவில் ஒரே நத்தை இட்ட
இருநூற்றுப் பதினான்கு முட்டைகள்.
பேரேட்டில் என் கையெழுத்து இருக்கிறது:
பெட்டி ஏழு. சுங்கை பாக்காப். மழை.
கதவு சரியாக மூடவில்லை.
எண்ணியவர் த. பவளக்கொடி.

அறுபதாம் நாள்
அளவுகோலின் இரண்டு தாடைக்கு நடுவே
ஒவ்வொன்றாக வைக்கிறேன்.
ஒன்று ஐந்து சென்டிமீட்டர்,
ஒன்று என் சுண்டுவிரல் நகம்.
ஒன்றின் ஓட்டில் தேநீர் வழிந்து காய்ந்தமாதிரி பட்டைகள்.
ஒன்றில் கோடே இல்லை, ஊறவைத்த கொண்டைக்கடலைத் தோல்.
ஒன்றுக்கு நுனி மழுங்கல்.
ஒன்றுக்கு மட்டும் உடம்பு வெள்ளை,
கொம்பு வரைக்கும் வெள்ளை.
ஊய் தவுக்கே அதைப் பார்த்தால் சிரிப்பார்.
வெள்ளைச் சதைக்குக் கிலோவுக்கு நான்கு ரிங்கிட் கூட.

மற்றதைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்.
ஒரே தீனிதானே போடுகிறாய், என்பார்.
ஒரே தீனிதான்.
ஒரே பப்பாளி இலை, ஒரே தவிடு,
ஒரே ரொட்டிக் கடையின் முட்டை ஓடு.
என் தங்கை என்னைவிட ஒரு சாண் உயரம்.
அவளும் அதே சோறுதான் தின்றாள்,
எங்களை யாரும் பேரேட்டில் எழுதவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு ரொட்டிக் கடை
ஒரு வாரம் அடைத்திருந்தது.
முட்டை ஓடு இல்லை, சுண்ணாம்புச் சத்து இல்லை.
அந்த வாரம் எல்லா ஓட்டிலும் இருக்கிறது,
மெல்லிய வெளிறிய கோடாக.
பெரியதில் அந்தக் கோடு
வாயிலிருந்து வெகுதூரம் பின்னே,
முதுகில் சுற்றிப் போய்விட்டது.
சின்னதில்
விளிம்பிலேயே நிற்கிறது.
அதற்குப் பிறகு அது ஓடு கட்டவே இல்லை.

சவலை, என்றேன்.
மிஸ்பா, லொம்போக்காரி,
தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்:
நெரிசலில் சின்னது வளராது அக்கா,
பெரியதின் சளி மேலே படுகிறவரைக்கும்.
நான் நம்பவில்லை.
நம்பாமலேதான் பத்தொன்பதைப் பொறுக்கி
பழைய பிஸ்கட் தகரத்தில் ஈரமண் போட்டு
மேசைக்கடியில் வைத்தேன்.

மூன்று வாரம்.
கோட்டைத் தாண்டிப் புது ஓடு,
கறுப்பும் செம்மண்ணும் கலந்த நிறம்,
பழைய பாவாடைக்கு அடியில்
வேறு துணியில் ஒட்டுப் போட்டமாதிரி.
எடை ஏறியது.
எனக்குக் கை நிற்கவில்லை,
நாளுக்கு இரண்டு தடவை அளந்தேன்,
வெள்ளரித் தோலை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்,
பஸ்ஸில் அந்த வாசனைக்குப் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்துபோனார்.

பிறகுதான், தராசு நாற்பத்தைந்து கிராம் காட்டிய
ஒரு புதன்கிழமை,
கை தட்டப் போனவள் நின்றேன்.
நாற்பத்தைந்து என்றால் முதல் தரம்.
முதல் தரம் என்றால் வெள்ளிக்கிழமை லோரி,
லோரி என்றால் ஜோர்ஜ்டவுன், கொதிக்கும் சட்டி.
சிறுத்தால் மறுபடி பெட்டி,
இன்னொரு மாதம் பப்பாளி இலை.
அதைத் தண்டனை என்றல்லவா எழுதி வைத்திருந்தேன்,
சிவப்பு மையில்.

மிஸ்பாவிடம் சொன்னேன்.
வளரத்தானே வைத்தாய், என்றாள்.
அவள் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை.

பதினெட்டு தேறிவிட்டன.
ஒன்று தேறவில்லை.
அதற்கும் இடம் இருந்தது, ஈரம் இருந்தது,
மற்றதின் சளி இல்லை,
வெள்ளரித் தோலில் அதன் பல்லின் தடம்கூட இருக்கிறது.
கோடு மட்டும் விளிம்பிலேயே.
நகத்தால் தடவிப் பார்த்தேன்,
மூன்று தடவை அளந்தேன்,
பேரேட்டில் காரணம் என்ற கட்டம்
காலியாகவே இருக்கிறது.

வாசலில் லோரி பின்வாங்கும் சத்தம்.
உள்ளங்கையில் வைத்திருக்கிறேன்.
முதலில் ஒரு கொம்பு வந்தது, பிறகு மற்றது.
பிறகு வாய்,
என் கை வியர்வையின் உப்பை
அரம் போல உரசிப் பார்த்துவிட்டுப்
பிடிக்காமல் நகர்ந்தது.